அம்மா பேசாத நேரம்

ஜூன் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குண்டூசி எழுதுகிறேன். நான் நலம். அப்பா நலம். அம்மா நீ பார்த்துவிட்டுப் போனபோது இருந்தபடிதான் இருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று வழக்கமாகக் கேட்பவளால் இப்போது கேட்க முடியாது. அதனால் நான் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அப்பாவிடம் இருக்கிறது. நீ கூப்பிட்டால் அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, அவள் கட்டில் பக்கத்திலேயே நின்று பேசுகிறோம். அங்கேதான் நீ கொடுத்துவிட்டுப் போன பெட்டியும் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் நான் சொன்னதை அது திரையில் எழுதிவிடும். அப்பா படித்துவிடுவார். அதனால்தான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்கா, பெட்டியைக் குறை சொல்வதாக நினைக்காதே. அம்மாவின் மூளையில் ரத்தம் உறைந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் காற்று மாதிரியான ஒரு முனகல்தான். கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தோம். ஆமாம் என்றாலும் சிமிட்டினாள், இல்லை என்றாலும் சிமிட்டினாள். பிறகு உன் பெட்டி வந்தது. அவள் முனகினாள். திரையில் "தாகமா இருக்கு" என்று வந்தது. அப்பா மூக்குக் குழாயில் தண்ணீர் விட்டதும் அவள் முகம் தெளிந்ததை நீயும் பார்த்தாய். அடுத்த நாள் "குண்டூசி, முடியை வாரு" என்று வந்தபோது நான் அழுதேன். அது அம்மாதான். வேறு யாருக்கும் என் முடிமேல் அவ்வளவு கோபம் வராது.

ஆனால் இப்போது அது ராத்திரியும் எழுதுகிறது. அம்மா தூங்கும்போது. உதடு அசையவில்லை, நான் குனிந்து பார்த்தேன். மூச்சு மட்டும்தான். அப்போது திரையில் "யாராவது இருக்கீங்களா" என்று வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "கனவுல பேசுவா. நீயும்தான் தூக்கத்துல கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற" என்றார். நான் சிரிக்கவில்லை.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. என் வகுப்புத் தோழி கொசு வீட்டு முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். எந்நேரமும் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். ஆனால் ரகசியம் காப்பாள்.

விளக்கை அணைக்கப் பயந்துகொண்டு,
உன் தங்கை

ஜூன் 19

என் குண்டூசிக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டும் ஒரே மேசையில். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் வீட்டு ஞாபகம் வந்தது.

பயப்படாதே. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பல மொழிப் பேச்சையும் கேட்டு எழுதும் பெரிய மாடல் ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. அதை ஓட்ட ஒரு அறை நிறைய கம்ப்யூட்டர் வேண்டும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அறையையா வைப்பது? அதனால் அந்தப் பெரியதை வாத்தியாராக வைத்து ஒரு சின்ன மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோம். வாத்தியார் எதைக் கேட்டு எப்படி எழுதுகிறாரோ, அதைப் பார்த்துப் பையன் எழுதுவான். அந்தப் பையன்தான் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறான். இணையம் வேண்டாம், அம்மாவின் குரல் வீட்டை விட்டு வெளியே போகாது. அதுதான் என் ஆராய்ச்சியே.

பையன் சின்னவன், அதனால் சில நேரம் உளறுவான். அமைதியான அறையில் ஒன்றும் கேட்காதபோதும் எதையாவது எழுதிவைப்பது இந்த மாதிரி மாடல்களுக்கு இருக்கும் கெட்ட பழக்கம். ராத்திரி திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கு.

அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் பெட்டியைக் காட்டப்போகிறேன். அம்மாவின் "முடியை வாரு" கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். நிஜமாகவே வாருகிறாயா?

உன் தலையில் ஒரு குட்டு வைத்து,
அக்கா

ஜூன் 28, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம். முடி வாரியிருக்கிறேன். உனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

திரையைத் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அது என்ன எழுதுகிறது என்று தெரியாமல் படுத்திருப்பது, இருட்டில் யாரோ நிற்பது தெரிந்தும் போர்வைக்குள் கிடப்பது மாதிரி. எழுந்து திருப்பிவிட்டேன்.

அது என்ன எழுதுகிறது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன்.

"தம்பி, ஜன்னலைச் சாத்து. குளிருது." அம்மாவுக்குத் தம்பி இல்லை. அவள் கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னலும் இல்லை, அலமாரிதான் இருக்கிறது.

"விளக்கைப் போடுங்க. பக்கத்துல யாரோ அழறாங்க." நான் எழுந்து விளக்கைப் போட்டேன். யாரும் அழவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒன்று எனக்குத் தெரியாத எழுத்தில் வந்தது. வட்டமும் கொக்கியுமாக, நம் வீட்டில் யாருக்கும் தெரியாத ஏதோ மொழி. படம் வரைவது மாதிரிப் பார்த்து வரைந்து கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரே வரி மூன்று ராத்திரியாக வந்தது. என்ன என்று பார்த்துச் சொல்.

பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. பகலில் அது அம்மா. ராத்திரி அம்மாவுக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன். கொசுவிடம் சொன்னேன். "பேயா இருந்தா எழுத்துப்பிழை விடும். பிழை இருக்கா பாரு" என்றாள். இல்லை. ஒரு பிழைகூட இல்லை.

அப்பா இப்போது ராத்திரி எல்லாம் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "பகல்ல வெட்கப்பட்டு சொல்லாததை எல்லாம் ராத்திரி சொல்றா" என்கிறார். தம்பி யாரென்று கேட்டேன். "சின்ன வயசுல கூட விளையாடின பையன் யாராவது இருப்பான். உங்கம்மாவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

சீக்கிரம் பதில் போடு, அக்கா.

உன் பதிலுக்காகக் கொசு வீட்டு வாசலிலேயே நிற்கும்,
குண்டூசி

ஜூலை 15, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் பேசினாய், சிரித்தாய். "குண்டூசி எப்படி இருக்கா?" என்று கேட்டபோது நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கேன்" என்றேன். திரையிலும் "நல்லா இருக்கேன்" என்றே வந்தது.

இப்போது ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. "போதும். குழாயை எடுத்துடுங்க. விட்டுடுங்க."

முதல் தடவை அதைப் படித்தபோது அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் எனக்குக் கேட்காது என்று நினைத்தார். கேட்டது. திரும்பி வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா. உன்னை நான் கஷ்டப்படுத்த மாட்டேன். சரி" என்றார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், அக்கா. சத்தியமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள், அம்மாவை உட்காரவைத்துப் பழக்க வரும் பிசியோ அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "போன வாரம்தான் சார் முதுகை நிமித்தினாங்க. இப்போ போய் நிறுத்தறீங்களே?" என்று அவர் கேட்டார். "அவங்களே வேணாம்னுட்டாங்க" என்றார் அப்பா. அந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணை விரித்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்பாவிடம் "அது அம்மா இல்லப்பா" என்றேன். அவர் என்னை அடித்ததே இல்லை. கையை ஓங்கினார். "வாயில்லாதவளுக்கு இப்பத்தான் ஒரு வாய் கிடைச்சிருக்கு. அதையும் பொத்தப் பாக்கறியா?" என்றார்.

அந்த எழுத்தில் என்ன இருந்தது? பார்த்தாயா?

குண்டூசி

ஜூலை 27

அன்புள்ள குண்டூசி,

நலமா? இங்கே நான் நலம்தான். கூட்டம் முடிந்தது, அதனால்தான் தாமதம். அப்பா எடுத்து அனுப்பிய காணொளியைப் பெரிய திரையில் காட்டினார்கள். "தாகமா இருக்கு" என்று வந்ததும் மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு சின்ன மாடல் இத்தனை மொழியைப் புரிந்துகொள்வதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பேராசிரியர் என் தோளைத் தட்டினார், அவர் யார் தோளையும் தட்டுவதில்லை.

அம்மாவுக்குச் சோர்வு இருக்கலாம். சோர்ந்தவர்கள் போதும் என்று சொல்வது உண்டு. ஆனாலும் நான் பார்க்கிறேன். அப்பாவிடம் நீ எதையும் பேசி அவரைக் கலக்காதே.

ஒன்று மட்டும் சொல். அம்மாவுக்கு முதுகுப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கியிருப்பதாக அப்பா சொன்னார். அதன் பம்ப் ராத்திரி முழுக்க ஓடுமா? எப்போது வாங்கினீர்கள்?

பத்திரமாக இரு.
அக்கா

ஆகஸ்ட் 5, இரவு

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசு இல்லை. நீ நலம் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது.

மெத்தை மே மாதக் கடைசியில் வந்தது. பம்ப் ராத்திரி முழுக்க ஓடும். ஊதும், நிற்கும், மறுபடி ஊதும். பகலில் அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்திருப்பதால் அதை நிறுத்திவிடுவோம். பெட்டி ராத்திரி எழுத ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். நீ கேட்டதும்தான் எனக்கே உறைத்தது. நீ ஏன் கேட்டாய் என்று ஏன் சொல்லவில்லை? நான் வரைந்து அனுப்பிய எழுத்தைப் பற்றி ஏன் இரண்டாவது தடவையும் ஒரு வார்த்தை இல்லை? உனக்குப் படிக்கத் தெரிந்திருக்கும். நீ எல்லா மொழிக்காரர்களோடும்தான் வேலை செய்கிறாய்.

நேற்று டாக்டர் வந்தார். அப்பா திரையைப் படம் எடுத்துவைத்ததை எல்லாம் காட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நினைவோடதான் சொல்றாங்களா?"

"பகல்ல கேக்கறதுக்கெல்லாம் சரியா பதில் சொல்றா டாக்டர். நேத்துகூட காலைத் திருப்பி வைங்கன்னா."

"அப்படின்னா நாம அவங்க பேச்சை மீற முடியாதுங்க. மூக்குக் குழாயை எப்படியும் இருபத்தேழாம் தேதி மாத்தணும். அன்னைக்கு எடுத்துட்டு, புதுசு போட வேணாம். வலி இல்லாம பாத்துக்கலாம்."

குழாய் இல்லாமல் அம்மாவால் ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியாது. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டினார். பகலில் இதை அவளிடம் கேட்டு நோகடிக்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். அம்மா பக்கம் யாரும் திரும்பவில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறோம். நானும்தான்.

அப்பா தூங்கின பிறகு நான் ஒன்று செய்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் மெதுவாக "யாரு நீங்க?" என்று கேட்டேன். திரையில் "யாரு நீங்க?" என்று வந்தது. அது நான் சொன்னது. பிறகு பம்ப் ஊதியது. ஊதி நின்றது. அதற்குக் கீழே "நாலாம் படுக்கை" என்று வந்தது.

அது அம்மாவா, இல்லையா? நீ செய்த பெட்டி. நீ சொல்.

குண்டூசி

ஆகஸ்ட் 14

என் தங்கைக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், ஐந்தாறு நாளில் கிடைத்துவிடும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது அம்மா இல்லை. பகலில் எழுதுவது அம்மா. ராத்திரி எழுதுவது அம்மா இல்லை.

பேச்சு குழறிப்போனவர்களின் குரலைச் சின்ன மாடலுக்குப் பழக்க, அப்படிப்பட்ட குரல்கள் வேண்டியிருந்தது. ஒரு மருத்துவமனையில், திரும்ப எழமாட்டார்கள் என்றவர்களைப் படுக்கவைத்திருந்த வார்டில், அனுமதி வாங்கி ராத்திரி முழுக்கப் பதிவு செய்தோம். பல மொழிக்காரர்கள் ஒரே வார்டில். எல்லோருக்கும் அடியில் காற்று மெத்தை. அத்தனை பதிவிலும் பின்னால் அந்தப் பம்ப் ஊதிக்கொண்டே இருக்கிறது. பம்ப் சத்தம் என்றால் இந்த வார்த்தைகள் என்று மாடல் மனப்பாடம் செய்துவிட்டது. நம் வீட்டில் பம்ப் ஊதினால் அது அந்த வார்டுக்கே போய்விடுகிறது. ஜன்னலைச் சாத்தச் சொன்னவர் ஒரு கிழவர், இரவு வரும் ஆண் நர்ஸைத் தம்பி என்பார். நோயாளிகள் மணி அடித்தால் நர்ஸ் தூரத்திலிருந்து "யாரு?" என்று கேட்பார், படுக்கை எண்ணைச் சொல்வார்கள். குழாயை எடுக்கச் சொன்னவர்கள் ஒருவர் இல்லை, பலர். நீ வரைந்து அனுப்பியதும் அதேதான், வேறு மொழியில். பார்த்த உடனேயே படித்துவிட்டேன். உனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர்களில் அநேகமாக யாரும் இப்போது இல்லை.

இப்படி ஆகாமல் இருக்க ஒரு காவல் வைப்பது வழக்கம். யாரும் பேசவில்லை என்றால் "எழுதாதே" என்று மாடலைத் தடுக்கும் ஒரு சின்னப் பகுதி. அதை முதலில் வைத்திருந்தேன். அம்மாவின் குரல் அவ்வளவு சன்னமாக இருந்ததால், யாரும் பேசவில்லை என்று சொல்லி அவளையும் அது தடுத்துவிட்டது. நான் வந்திருந்த அந்த முதல் இரண்டு நாளும் திரை காலியாகவே இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, காவலை எடுத்துவிட்டேன். உடனே "தாகமா இருக்கு" என்று வந்தது. காவல் இல்லாத மாடல் யாரும் பேசாதபோதும் எழுதும் என்று அன்றைக்கே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை.

உன் கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். "பெட்டி சில சமயம் தப்பா எழுதும்பா" என்றேன். "தாகம்னு எழுதினப்போ கைதட்டு வாங்கினியே, அப்போ தப்பு இல்லையா? எனக்கு மட்டும் இது லேசா இருக்குன்னு நினைக்கறியா?" என்று கேட்டார். காவலை எடுத்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

கிளம்ப முயற்சி செய்கிறேன், ஆனால் இருபத்தேழுக்கு முன்னால் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நீதான் செய்ய வேண்டும். பம்பையும் பெட்டியையும் ஆளில்லாத அறைக்கு எடுத்துப்போ. பம்பை ஓட விடு. அப்பாவைப் பார்க்கச் சொல். கொஞ்ச நேரம் காற்று இல்லாவிட்டால் மெத்தைக்கு ஒன்றும் ஆகாது.

மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன்.
அக்கா

ஆகஸ்ட் 20, இரவு

அக்காவுக்கு,

கூரியர் வந்தது. கொசுவின் அம்மா, "உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னடி அவசரம்?" என்று சந்தேகமாகப் பார்த்தார். "போட்டிக் கட்டுரை" என்று கொசு ஒரே போடாகப் போட்டாள்.

நீ சொன்னதை இன்று மாலை செய்தேன். அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் ஒரு தடவை நானே பார்த்துவிடலாம் என்று பம்பையும் பெட்டியையும் சமையலறைக்குத் தூக்கிப்போனேன். பம்ப் ஓடியது. பெட்டி எழுதியது என்ன தெரியுமா? "பின்னால வா, பின்னால வா, நிறுத்து." தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தியது. அப்புறம் பக்கத்து வீட்டு டிவி. அவ்வளவுதான்.

அப்போது அப்பா உள்ளே வந்தார். கேபிளும் கையுமாக நான். அவர் கத்தவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தார். "அவ பேசறது உனக்கு அவ்வளவு பயமா இருக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அலமாரியின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத உயரத்தில், அம்மாவைப் பார்த்தபடி வைத்துவிட்டார்.

ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. இப்போது எனக்கு அந்த வார்டில் இருந்தவர்கள் மேல் பயம் இல்லை. அவர்கள் பாவம். எனக்கு அப்பாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவர் அம்மாவுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ அவரிடம் முழுசாகச் சொல். உன் கடிதத்தை நீட்டினேன், அவர் வாங்கக்கூட இல்லை. நான் சொன்னால் எடுபடாது.

குண்டூசி

ஆகஸ்ட் 23

குண்டூசிக்கு,

நீ கொசுவின் அம்மா போனிலிருந்து உன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். இதையும் அதே போனுக்கு அனுப்புகிறேன், கொசு உன் கையில் கொடுப்பாள்.

தப்பு என்னுடையது, சத்தம் இருக்கும் நேரத்தில் அது அந்தச் சத்தத்தைத்தான் எழுதும். தெரு அடங்கிய பிறகு, ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்று காலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூட்டம் நடத்தியவர்களுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். இனி எனக்கு மென்று முழுங்க ஒன்றும் இல்லை. அப்பா இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. நாளன்றைக்கு அவருக்கு லீவு, எடுக்கும்வரை கூப்பிடுவேன். நீ பக்கத்தில் இரு. ஸ்பீக்கரில் போடச் சொல். அம்மாவும் கேட்கட்டும்.

தைரியமாக இரு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் இரு.
அக்கா

ஆகஸ்ட் 28, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? நீ புதன்கிழமை வந்து இறங்கும்போது இந்தக் கடிதம் வழியில் எங்கேயோ இருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போனை வைத்த பிறகு இங்கே நடந்ததை அப்பா உன்னிடம் சொல்லமாட்டார்.

அன்று நீ பேசப்பேச, பெட்டி அலமாரி மேலிருந்து நீ சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டே இருந்தது. "காவலை நான்தான் எடுத்தேன்" என்று உன் குரல் சொன்னது, அதே நேரம் திரையில் அதே வார்த்தை வந்தது. அப்பா போனைப் பார்க்கவில்லை. திரையைப் படித்துக்கொண்டிருந்தார். நீ அழுததை மட்டும் அது எழுதவில்லை.

நீ வைத்ததும் அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். "அந்தப் பம்பைக் கழட்டு" என்றார். தெரு அடங்கும்வரை சமையலறையில் காத்திருந்தோம். ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், பிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கினார். பம்பின் குழாய் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது. அது யாருமே இல்லாத அறையில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

முதலில் ஒன்றும் வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் வந்தது.

"தம்பி, ஜன்னலைச் சாத்து."

அப்பா தன்னையறியாமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

பம்ப் ஊதியது. அந்த வட்டமும் கொக்கியுமான வரி வந்தது. பம்ப் நின்றது, மறுபடி ஊதியது. "போதும். குழாயை எடுத்துடுங்க. விட்டுடுங்க." அம்மா இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியிடம், மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசுகிற மாதிரி, "நீங்க யாருன்னு எனக்குத் தெரியலைங்க. உங்க குழாயை அன்னைக்கு யாராவது எடுத்தாங்களான்னும் தெரியலை" என்றார். அதையும் அது எழுதியது. அவர் கைகூப்பிவிட்டு, சுவிட்சை அணைத்தார்.

பிறகு அம்மா அறைக்குப் போனோம். பம்ப் இல்லை, பெட்டி இல்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை. அம்மா விழித்திருந்தாள். அப்பா கட்டிலில் குனிந்து தன் காதை அவள் வாயோடு வைத்தார்.

"குழாயை எடுக்கச் சொன்னது நீயா?"

முனகினாள். அப்பா புரியாமல் என்னைப் பார்த்தார். நானும் இந்தப் பக்கம் குனிந்து காதை வைத்தேன்.

"அவசரம் இல்ல. மெதுவா. நீயா சொன்னே?"

காற்றுதான் வந்தது. பிறகு காற்றுக்குள் ஒரு சத்தம். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி. மறுபடி. விடிவதற்குள் எப்படியோ ஒரு தடவை அது வார்த்தையாக வந்தது.

"நா... னில்ல."

அவள் நிறுத்தவில்லை. "நானில்ல. நானில்ல." ஒருமுறை பிடிபட்ட பிறகு எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது. இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த வார்த்தை மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை, அக்கா. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை மாதிரி சொன்னாள். அவள் எல்லா ராத்திரியும் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று உனக்குச் சத்தியம் செய்து எழுதினேனே, அது பொய்யாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லியிருப்பாள். பம்ப் சத்தத்தில் எங்களுக்குக் கேட்டிருக்காது. அவள் சொல்லச்சொல்ல, அவள் எதிரிலேயே பெட்டி வேறு யாரோ சொன்னதை எழுதிக்கொண்டிருந்திருக்கும். நாங்கள் அதைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்து "சரிம்மா" என்று சொல்லியிருக்கிறோம்.

நேற்று டாக்டர் வந்தார். பழைய குழாயை எடுத்தார். அப்பா தானே புதுக் குழாயை உறையிலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்தார். "என்ன சார், முடிவை மாத்திட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "அவ முடிவையே இப்பத்தான் டாக்டர் கேட்டேன்" என்றார் அப்பா. பிசியோ அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று.

பம்ப் மறுபடி ஓடுகிறது, மெத்தைக்கு வேண்டும். சத்தம் வரும்போதெல்லாம் அம்மாவின் கண் என்னைத் தேடுகிறது. அதனால் குளியலறையில் உட்கார்ந்து எழுதவில்லை, அவள் பக்கத்திலேயே இருக்கிறேன். என் வலது கையை அவள் உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறேன். அவளுக்குப் பிடிக்கும் வலு இல்லை, இழுத்தால் வந்துவிடும். இழுக்கவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

குண்டூசி